தள்ளுகுழுவினர் நால்வர்

சார்ஜென்ட் தீனநாத் புக்கனின் இடது காது போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நாலு நாளாகச் சளி. டாக்டரிடம் போனால் பறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார் என்பதால் அவர் பக்கமே தலைவைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே டக்கோட்டா விமானத்தில் ஏறிவிட்டார். சியாங் பள்ளத்தாக்கு முகாமுக்கு மேலிருந்து அரிசி மூட்டைகளைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது மேகத்தில் ஒரு சந்து தெரிந்தது. அது மூடிக்கொள்வதற்குள் இறங்கிவிடலாம் என்று விமானி சடாரென்று கீழே இறக்கினார். பன்னிரண்டாயிரம் அடியிலிருந்து மூவாயிரத்துக்கு வருவதற்குள் புக்கனின் காதுக்குள் துணி கிழிவதுபோல ஏதோ கிழிந்தது. கழுத்து வழியாக வெதுவெதுப்பாக ரத்தம் இறங்கியது.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. பிறகு மருத்துவக் குழு கூடி, இந்த ஆள் இனிமேல் பறக்கவே கூடாது என்று எழுதிவிட்டது. முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது வருஷமாக ஒரே விமானப்படை ஸ்குவாட்ரனில் தந்தி அடிப்பதும் ரேடியோ கேட்பதுமாக இருந்த மனிதர். கேட்கிற வேலைக்காரனுக்குக் காது போனால் என்ன மிச்சம்?

ஸ்குவாட்ரன் தலைவர் விங் கமாண்டர் பத்தேனா ஒரு பார்சிக்காரர். கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே சங்கதி சரியில்லை என்று புக்கனுக்குப் புரிந்துவிட்டது.

"உன்னை என்ன பண்றதுன்னே தெரியல, புக்கன். ஸ்டோர்ல போட்டா நீ அழுதுடுவே. மார்ச்சுல நம்ம ஸ்குவாட்ரனுக்கு இருபத்தஞ்சு வருஷம் முடியுது. சரித்திரம் எழுதி அனுப்புன்னு தலைமையகத்துல உசுர வாங்கறாங்க. எப்ப ஆரம்பிச்சது, என்ன அமைப்பு, யார் யார் தலைவரா இருந்தாங்க, எத்தனை டன் போட்டோம்... ஒரு நாப்பது பக்கம். உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. எழுதறியா?"

"எழுதறேன் சார்."

"பெரிய மனசு பண்ணி சொல்றா மாதிரி சொல்லாதே. புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லு."

"வேற எங்க போவேன் சார்?"

ஹாங்கருக்குப் பின்னால் பெயின்ட் டப்பாக்கள் வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். அந்த ஜன்னல்தான் வினை. அதன் வழியே பார்த்தால் விமானங்கள் நிற்கும் இடம் நேரே தெரியும். ஜனவரி மாதத்து மூடுபனி ஒன்பது மணிக்குத்தான் விலகும். விலகியதும் ஒவ்வொன்றாக எஞ்சின் இருமிக் கிளம்பும். தன் பழைய விமானத்தில் தன் இடத்துக்குப் புதிதாக வந்த சிக்னல்காரன் ஏறுவதை முதல் நாள் பார்த்தார் புக்கன். இரண்டாம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பழைய கூட்டாளிகள் முதல் வாரம் தேநீர் வேளையில் எட்டிப் பார்த்தார்கள். திசை காட்டும் நேவிகேட்டர் மஜீந்தர் வாசலில் நின்றே கும்பிடு போடுவார்.

"வியாச முனிவரே! நம்ம பாரதம் எந்தப் பருவத்துல இருக்கு? நான் கதாநாயகனா, இல்ல சும்மா கூட்டத்துல நிக்கறேனா?"

"நீ வழி தவறிப் போன கதையெல்லாம் தனிப் பருவமா எழுதறேன், இரு."

"அய்யோ, அதை எழுதினா நாப்பது பக்கம் பத்தாதே!"

பிறகு வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. அப்புறம் அதுவும் இல்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. பறக்கிறவர்களுக்குப் பறக்காதவனிடம் பேச என்ன இருக்கிறது? உணவுக்கூடத்தில் இடது பக்கம் உட்கார்ந்தவர் ஏதாவது சொன்னால் புக்கனுக்குக் கேட்காது. பதில் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நாலு முறை அப்படி ஆனதும் இடது பக்க நாற்காலி காலியாகவே இருக்கத் தொடங்கியது.

எழுதினார். வேறு வேலை இல்லாததால் நன்றாகவே எழுதினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில், போரில் மிஞ்சிய ஆறு பழைய டக்கோட்டாக்களோடு ஆரம்பித்த கதை. இப்போது இரண்டு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் நாலு விமானம். ஒரு விமானத்துக்கு விமானி, துணை விமானி, நேவிகேட்டர், சிக்னல்காரர் என்று நாலு பேர். வடக்கே மலைமுகட்டில் சாலையே இல்லாத காவல் முகாம்கள். அங்கே இருக்கும் சிப்பாய்களுக்கு அரிசி, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய், கடிதம், உயிரோடு ஆடு, எல்லாமே வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். அரிசியை மூன்று சாக்குக்குள் போட்டு அப்படியே தள்ளிவிடுவார்கள். மண்ணெண்ணெய்க்கும் ஆட்டுக்கும் பாராசூட்.

தள்ளுவது யார்? அவர்கள் விமானப்படை ஆட்கள் இல்லை. ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ராணுவத்தின் சப்ளை கம்பெனி இருந்தது. அங்கிருந்து விடியற்காலையில் லாரியில் மூட்டைகளோடு மூட்டைகளாக வந்து இறங்குவார்கள். கதவு கழற்றிய விமானத்தில் மூட்டை மேலேயே உட்கார்ந்து வருவார்கள். விமானி மணி அடித்ததும், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று உதைத்துத் தள்ளுவார்கள். திரும்பி வந்ததும் அதே லாரியில் போய்விடுவார்கள். இதையும் எழுதினார் புக்கன், அரைப் பக்கத்தில்.

விபத்துகளுக்கு வந்தபோதுதான் பேனா நின்றது.

இருபத்தைந்து வருஷத்தில் மூன்று விமானங்கள் திரும்பவில்லை. ஐம்பத்தாறில் ஒன்று, அறுபத்து மூன்றில் ஒன்று, அறுபத்தெட்டில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பழைய பதிவேட்டில் விவரம் இருந்தது. விமானியின் பெயர், பிறந்த ஊர், வாங்கிய பதக்கம். அப்படியே நாலு பேருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி: 'மற்றும் தள்ளுகுழுவினர் நால்வர்.' ஐம்பத்தாறில் மட்டும் மூவர். ஆகப் பதினோரு பேர். பெயர் ஒன்றுகூட இல்லை.

புக்கனுக்குக் கோபம் வந்தது. எழுதியவர்கள் மேல் வந்த கோபம் ஐந்து நிமிஷத்தில் தன் மேலேயே திரும்பியது. ஒன்பது வருஷம் அந்த ஆட்களோடு பறந்திருக்கிறார். எத்தனை பேர் பெயர் தெரியும்? யோசித்துப் பார்த்தார். ஒருவர் பெயரும் தெரியவில்லை. காது கிழிந்த அன்று அவர்களில் ஒருவன்தான் மூட்டைகளைத் தாண்டி ஓடிவந்து, தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தரை தொடும்வரை பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தான். தாடை நீண்ட முகம். அவ்வளவுதான் ஞாபகம்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுபாதையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். ஒன்பது வருஷத்தில் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

சப்ளை கம்பெனியில் சுபேதார் பிஷ்ட் என்ற கட்டையான குமாவூன் மலைக்காரர் வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாராசூட் கயிறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். புக்கன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு சரித்திரம் இருக்கு, சார்ஜென்ட் சாப். எங்களுக்கு லாரிதான் இருக்கு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ கம்பெனி நம்பரையே மாத்திடறான். பழைய ரிஜிஸ்டர் எங்க போச்சோ, எந்தக் கரையான் வயித்துல இருக்கோ!"

"ஒண்ணுமே கெடைக்காதா?"

"அறுபத்தெட்டுல போனவங்க நாலு பேரும் நம்ம பசங்க. பேரு, ஊரு, அப்பன் பேரு எல்லாம் சொல்றேன், எழுதிக்கோங்க. ஐம்பத்தாறு தெரியாது, நான் அப்ப ஊர்ல மாடு மேய்ச்சிட்டிருந்தேன்." கயிற்றைக் கீழே வைத்தார். "அறுபத்து மூணு... அப்ப நான் இங்க நாயக் பதவியில இருந்தேன். ரெண்டு பேரு நம்ம ஆளுங்க. லான்ஸ் நாயக் கேசர் சிங், சிப்பாய் தாதோபா ஷிந்தே. மத்த ரெண்டு பேரு சிப்பாயே இல்ல."

"சிப்பாய் இல்லையா? அப்புறம்?"

"சீனா சண்டை முடிஞ்ச மறு வருஷம் சாப். மேல முகாம் ரெட்டிப்பாச்சு, ஆள் பத்தல. பக்கத்து டீ எஸ்டேட்லேர்ந்து தினக்கூலிக்கு ஆள் புடிச்சோம். மூட்டை ஏத்தத்தான் புடிச்சது. அப்புறம் தள்ளவும் அனுப்பினோம். ஒருத்தன் பேரு புதுவா. இன்னொருத்தன் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பான். அவன் பேரு... ம்ஹூம், சிரிப்பு ஞாபகம் இருக்கு, பேரு இல்ல."

காதைப் பொத்திய நீண்ட தாடைக்காரனைப் பற்றியும் விசாரித்தார் புக்கன். அந்தக் குழு போன மாதமே மேற்கே மாற்றலாகிப் போய்விட்டது என்றார் சுபேதார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு விடுமுறை. போகாபில் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில் புதுவாவின் வீடு எது என்று நாலு இடத்தில் கேட்டு, கடைசி வரிசையில் வந்து சைக்கிளை நிறுத்தினார். வாசலில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி விறகு பிளந்துகொண்டிருந்தாள். புதுவாவின் மனைவி, பெயர் சுகுர்மணி. சீருடையைப் பார்த்ததும் கோடரியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தாள்.

"யாரத் தேடறீங்க பாபு?"

"புதுவாவோட வீடு..."

"அவன் செத்துப் பத்து வருஷம் ஆச்சு. இப்பத்தான் விலாசம் கெடச்சுதா?"

"தெரியும்மா. அவரப் பத்திதான் கேக்க வந்தேன்."

"ஏன், எதையாவது தூக்கிட்டு வந்துட்டானா? வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. ரெண்டு சட்டி இருக்கு, ரெண்டும் ஓட்டை."

"அதெல்லாம் இல்ல. எங்க புஸ்தகத்துல அவர் பேர் இல்ல. எழுதணும்."

அவள் கோடரியைச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு உள்ளே போய் உப்புப் போட்ட கறுப்புத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கூடப் போனவன் பெயர் எத்வா என்றும், அவனுக்குத் தாய் தகப்பன் யாரும் இல்லை, இவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவான் என்றும் சொன்னாள். புக்கன் எழுதிக்கொண்டார். எழுந்திருக்கப் போனபோது அவள் கையமர்த்தினாள்.

"பாபு, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது."

"கேளுங்க."

"அவன் அங்க என்ன வேலைதான் பாத்தான்?"

புக்கனுக்குப் புரியவில்லை. "உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான். வானத்துலேர்ந்து அரிசி கொட்டறேன்னான்." தரையைப் பார்த்தபடியே பேசினாள். "மூட்டை மூட்டையா அரிசியத் தூக்கி வெளிய போடறோம், ஆடுகூட குடை புடிச்சுக்கிட்டு இறங்குதுன்னான். இங்க அடுப்புல வைக்க அரைப்படி இல்ல, இவன் வானத்துலேர்ந்து கொட்டறானாம்! குடிச்சுட்டு ஒளர்றான்னு நெனச்சேன். எவ வீட்டுக்கோ போறான், கேட்டா கதை வுடறான்னு நெனச்சேன். அந்த எத்வாப் பயலும் ஆமா ஆமான்னு பல்லக் காட்டினான். ரெண்டும் சேர்ந்து என்னைக் கேலி பண்ணுதுங்கன்னு... கடைசி நாள் காலையில, போ, போய் அந்த ஆட்டோட நீயும் குதிடான்னேன்."

தோட்டத்துப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"நெஜம்மா அது" என்றார் புக்கன். "எல்லாமே நெஜம். ஆடுகூட."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அது அடங்கியதும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கதவு இருக்காதா? கழற்றி வைத்திருப்போம். குளிருமே? குளிரும், விரல் மரத்துப்போகும். "அவன்கிட்ட ஒரே ஒரு சட்டைதானே இருந்துச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அந்த அரிசி யாருக்கு?"

"மலை மேல காவல் இருக்கிற சிப்பாய்களுக்கு. பாதை கெடையாது. நாங்க போடலேன்னா பட்டினிதான்."

"அன்னிக்குப் போட்டது அவங்களுக்குப் போய்ச் சேந்துதா?"

இதற்குப் பதில் புக்கனிடம் இருந்தது. பதிவேட்டில் படித்திருந்தார். "போய்ச் சேந்துது. மூணு சுத்துல ரெண்டு சுத்து முழுசாப் போட்டாங்க. கெடச்சுதுன்னு முகாம்லேர்ந்து தகவல் வந்திருக்கு. மூணாவது சுத்துக்குத் திரும்பும்போதுதான்..."

"தின்னாங்கல்ல, அது போதும்" என்றாள். கோடரியை எடுத்தாள். அவர் கிளம்பி வளைவு திரும்பும்வரை விறகு பிளக்கும் சத்தம் வலது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எட்டுப் பெயர்கள் சேர்ந்தன. ஐம்பத்தாறின் மூவர் கிடைக்கவில்லை. மூன்று அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஒன்று, விமானம் உங்களுடையதாதலால் உங்கள் தலைமையகத்தையே கேட்கவும் என்று பதில் போட்டது. மற்ற இரண்டும் பதிலே போடவில்லை.

பத்தேனா பிரதியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவங்க நம்ம ஆளுங்க இல்லையே, புக்கன்."

"ராணுவத்துல கேட்டா விமானம் உங்களோடதுங்கறாங்க சார். இந்த ரெண்டு எஸ்டேட் ஆளுங்க ரெண்டு பக்கமும் இல்ல. எங்கயுமே இல்ல."

"அனுப்பிப் பாக்கறேன். ரொம்ப எதிர்பார்க்காதே."

எதிர்பார்க்காமல் இருக்க முடியவில்லை. மார்ச் முதல் வாரம் அச்சடித்த புத்தகங்கள் கட்டாக வந்தன. வழவழப்பான காகிதம், அட்டையில் விமானப் படம். புக்கன் நேரே முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தார். 'மற்றும் தள்ளுகுழுவினர் நால்வர்.' அவர் எழுதிய பெயர்களை யாரோ எடுத்துவிட்டு, பழைய வரியையே திரும்பப் போட்டிருந்தார்கள்.

பத்தேனாவே அந்தப் பெயின்ட் அறைக்கு வந்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்ததால் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஸ்குவாட்ரன் பட்டியல்ல இருக்கிறவங்க பேர் மட்டும்தான் வரணுமாம். ரெண்டு தடவ போன் பண்ணேன். சண்டையும் போட்டேன்."

"கையால எழுதின பழைய பதிவேடு என்ன ஆகும் சார்?"

"அது இங்கயே அலமாரியில கெடக்கும். எவனும் தொறக்க மாட்டான்."

"அதுல எழுதட்டுமா சார்?"

பத்தேனா ஜன்னல் பக்கம் திரும்பி ஓடுபாதையைப் பார்த்தார். "நான் விமானத்தப் பாத்துட்டிருக்கேன், புக்கன். நீ என்ன பண்றேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

எட்டுப் பெயரையும் ஊரோடு எழுதினார். ஐம்பத்தாறின் கீழே மூன்று வரி இடம் விட்டார்.

ஆண்டு விழா அன்று குடும்பத்தினர் விமானத்தைப் பார்க்கலாம் என்று வாசலைத் திறந்துவிட்டார்கள். புக்கன் போகாபில் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். வருவாள் என்று அவர் நினைக்கவில்லை. சுகுர்மணி தனியாக வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் ரப்பர் செருப்பு. அதிகாரிகளின் மனைவிமாருக்கும் பலூன் பிடித்த குழந்தைகளுக்கும் நடுவே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

அவளைத் தன் பழைய விமானத்துக்கு அழைத்துப் போனார். டக்கோட்டா வாலைத் தரையில் ஊன்றி நிற்கும். உள்ளே தரை மேடாக ஏறும். அவள் ஏணியில் ஏறி, சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

"எங்க உக்காருவான்?"

"இங்கதான். மூட்டை மேல."

காட்சிக்காக அடுக்கியிருந்த நாலைந்து சாக்குகளின் மேல் போய் உட்கார்ந்தாள். கதவில்லாத வாசலுக்கு நேரே. குழந்தைகள் உள்ளே ஓடி வந்து, கத்தி, இறங்கி ஓடினார்கள். மஜீந்தர் எட்டிப் பார்த்தார். ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னது அவன் காதுல விழுந்திருக்குமா, பாபு?"

புக்கன் வலது காதைத் திருப்பிக் கேட்டார். எதைச் சொல்கிறாள் என்று உடனே பிடிபடவில்லை.

"எஞ்சின் போட்டுட்டா ஒண்ணும் கேக்காதும்மா. பக்கத்துல இருக்கிறவன் கத்தினாக்கூடக் கேக்காது."

அவள் தலையாட்டினாள். அவள் கேட்டது அந்தக் கடைசி நாள் காலையில் சொன்னதை என்பதும், தான் என்ன பதில் சொல்லிவிட்டோம் என்பதும் அவள் இறங்கிப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சரியாக எதையாவது சொல்லலாம் என்றால், சரியானது எது என்று தெரியவில்லை. பந்தியில் சாப்பிடச் சொன்னார். வேண்டாம், மாலையில் தேயிலை பறிக்கப் போக வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அச்சடித்த புத்தகத்தை அவர் கொடுக்கவில்லை. கொடுக்க அதில் என்ன இருந்தது?

விழா முடிந்தது. பெயின்ட் அறையில் வேலையும் முடிந்தது. மாற்றல் உத்தரவு வரும்வரை இருக்கட்டும் என்று பத்தேனா விட்டுவைத்தார். இரண்டு நாள் புக்கன் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை, பனி விலகுமுன்பே, பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு விமானங்கள் நிற்கும் இடத்துக்குப் போனார். லாரி வந்து நின்றது. நாலு பேர் மூட்டைகளோடு குதித்தார்கள்.

"உங்க பேரென்ன?" என்று முதலில் நின்றவனைக் கேட்டார்.

அவன் மற்றவர்களைப் பார்த்தான். "ஏன் சாப்? எங்க மேல ஏதாவது புகாரா?"

"புகாரெல்லாம் இல்ல. எழுதி வெச்சுக்கணும்."

"எதுக்கு?"

"இந்த விமானத்துல யார் போனாங்கன்னு."

"பேர் கேட்டா வில்லங்கம்டா" என்றான் பின்னாலிருந்தவன். "கேன்டீன்ல நேத்து டம்ளர் உடைச்சவன் பேரச் சொல்லிடு, சாப் போயிடுவாரு."

நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகச் சொன்னார்கள். புக்கன் எழுத்துக்கூட்டிக் கேட்டு, ஊரையும் கேட்டு எழுதினார். கடைசி ஆள் சொன்னது இடது பக்கத்திலிருந்து வந்ததால் கேட்கவில்லை. சுற்றி வந்து, வலது காதைக் காட்டி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அவர்கள் ஏறிக்கொண்டார்கள். பனி விலகியது. எஞ்சின் கிளம்பிய காற்றில் பதிவேட்டின் தாள்கள் படபடத்தன. விமானம் ஓடி, எழும்பி, வடக்கே மலைகளை நோக்கிச் சின்னதாகிப் போயிற்று. புக்கன் சிமென்ட் தரையில் தனியாக நின்றார். அடுத்த லாரி வர இருபது நிமிஷம் இருந்தது.